வடக்கனந்தல் சாலையில் சூரியனும் சனியும்

புதிதாக விஞ்ஞான வண்டிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் ஓய்வு பெற்ற வழியனுப்பு நாளில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இத்தனை வருஷம் ஊர் ஊராகப் போய்க் கூட்டத்தின் நடுவில் வேலை செய்தும் அந்தக் கூச்சம் போகவில்லை. ஆனால் எழுத வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். வண்டி நிற்கும் நேரத்தில், அதிலிருந்த புத்தகங்களை ஒன்றுவிடாமல் படித்துத்தான் இந்த எழுத்து வந்தது. அன்று பேசாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எப்படி வண்டி ஓட்டுவது, எப்படித் தொலைநோக்கியைப் பூட்டுவது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது கைக்குத் தானாகப் பழகிவிடும். ஒரு கூட்டம் உங்களைச் சூழ்ந்து நின்று ஒன்றைக் கேட்கும்போது, அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது கைக்குப் பழகாது. நான் அப்படி முடிவு செய்த நாள் ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கூச்சப்படாமலே சொல்கிறேன்.

வால் நட்சத்திரம் வந்துபோனதற்கு மறுவருஷம். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். எங்கள் வண்டியில் விளக்கம் சொல்லும் சார், மறியலுக்கு முன்பே பஸ் பிடித்து வெள்ளிமலைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி. நான் வண்டியோடு பின்னால் வர வேண்டும். கள்ளக்குறிச்சியில் கேட்டபோது, "கச்சிராயபாளையம் ரோடு இன்னும் தெறந்துதான் கீது, சீக்கிரம் போயிடு" என்றார்கள். நம்பிக் கிளம்பினேன்.

வடக்கனந்தலுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் எதிரே ஒரு பெரிய புளியமரம் படுத்துக் கிடந்தது. பின்னால் திருப்பலாம் என்று பார்ப்பதற்குள், நான் கடந்துவந்த இடத்தில் இன்னொரு மரம் சடசடவென்று சாய்ந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே நானும் வண்டியும்.

நிலம் உள்ளவர்களும் கூலி வேலைக்காரர்களுமாகச் சேர்ந்த கூட்டம் அது. பெண்கள் சாலையோரத்தில் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் பெயர் பெருமாள். நாற்பது வயதிருக்கும். தோளில் வெள்ளைத் துண்டு, வாயில் பீடி. வண்டியைச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் சூரியனும் கோள்களும் வரிசையாக வரைந்திருக்கும்.

"இன்னாய்யா இது படம், பூவா பழமா? கவருமெண்டு வண்டியா?"

"விஞ்ஞான வண்டிங்க. பள்ளிக்கூடப் பசங்களுக்கு."

"நீ எந்த ஊரு?"

"நைனார்பாளையங்க."

"இன்னா ஆளுங்க?"

"வண்டி ஓட்ற ஆளுங்க" என்றேன். சாமர்த்தியமாகச் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. பயத்தில் அதுதான் வாயில் வந்தது. யாரோ சிரித்தார்கள். பெருமாள் சிரிக்கவில்லை.

"சாயங்காலம் போலீசு வண்டி வரும்னு சேதி. மரத்தத் தள்ளிட்டுப் போயிடுவானுங்க. இந்த வண்டிய மரத்த ஒட்டி குறுக்கால கவுத்துப் போட்டா ஒருத்தன் வர முடியாது. டேய், புடிங்கடா."

பத்துப் பதினைந்து பேர் ஒரு பக்கமாக வந்து கை வைத்தார்கள். வண்டி ஒரு முறை ஆடியது. உள்ளே பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. கூடையளவு இருக்கும் எங்கள் காகிதச் சூரியன், அதன் பக்கத்தில் பட்டாணியளவு பூமி, தகர வளையம் போட்ட சனி எல்லாம் உள்ளே இருந்தன. அவை போனால் மறுபடி செய்துகொள்ளலாம். தொலைநோக்கி போனால் போனதுதான். எங்கள் விஞ்ஞான நிலையத்தில் இருந்ததே அது ஒன்றுதான். வண்டியோடு என்னை நம்பி ஒப்படைத்திருந்தார்கள்.

"அண்ணே, ஒரே ஒரு பொருளு இருக்குதுங்க. அத மட்டும் எறக்கி வெச்சிடறேன்" என்றேன்.

"இன்னா பொருளு?"

"சூரியனப் பாக்கற கொழாய்ங்க."

பெருமாள் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். "சூரியனப் பாக்க கொழாய் எதுக்கு? மேலதான கீது?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, எறக்கு. காட்டு. அப்பறம் கவுக்கலாம். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் கீது" என்றார்.

என் வண்டிக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

முக்காலியை விரித்துக் குழாயைப் பூட்டினேன். வெறும் கண்ணால் அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது உங்களுக்கும் சொல்லித்தந்த முதல் பாடம். குழாயைச் சூரியனுக்கு நேரே திருப்பி, கண் வைக்கும் பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் அதில் சூரியன் வந்து விழும். பலகையும் திரையும் சாரோடு மலைக்குப் போயிருந்தன. "அண்ணே, உங்க துண்டக் கொஞ்சம் குடுங்க" என்றேன். பெருமாள் தயங்கிக் கொடுத்தார். இரண்டு பேர் அதை விறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள்.

துண்டின் நடுவில் தோசையளவுக்குச் சூரியன் வந்து உட்கார்ந்தது. விளிம்பு கத்தரித்தாற்போல் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று கரும்புள்ளிகள்.

"ஐய, சூரியனுக்கு அம்ம போட்டுக்கீது!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. கஞ்சிக் கரண்டியோடு வந்து நின்றவர் அஞ்சலை என்பவர். பெருமாளுக்கு அக்கா முறை என்று பின்னால் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் பெருமாளை எதிர்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

"அம்ம இல்லக்கா. அந்த எடம் மட்டும் சூடு கம்மி. அதான் கருப்பாத் தெரியுது. அந்தப் பெரிய புள்ளியில நம்ம பூமியத் தூக்கிப் போட்டா உள்ள போயிடும்."

"முழு பூமியுமா?" என்றார் ஒருவர். "கள்ளக்குறிச்சி, சேலம், மெட்ராசு எல்லாம் சேத்தா?"

"எல்லாம் சேத்துத்தாங்க."

"அப்ப என் நெலமும் போயிடுமே!"

"உனுக்கு ஏதுடா நெலம், போறதுக்கு?" என்றார் அஞ்சலை. கூட்டம் சிரித்துத் தீர்த்தது.

அதற்குள் சூரியன் துண்டின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. "ஓடுது, ஓடுது, புடி" என்று கத்தினார்கள். "அது ஓடல. நாமதான் சுத்திக்கினு இருக்கறோம்" என்று சொல்லிக் குழாயைத் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தேன். என் தொண்டை அடைப்பு எப்போது விட்டதென்று எனக்கே தெரியவில்லை. சூரியன் எதனால் எரிகிறது, எப்போது அணையும் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். சூரியனுக்கு முன்னால் என்ன இருந்தது என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "தெரியாதுங்க, எங்க சார் வந்தா கேக்கலாம்" என்றேன். யாரும் என்னைக் குறைவாக நினைக்கவில்லை. தெரியாது என்று சொல்லவும் ஒரு காலத்தில் கூசியிருக்கிறேன். அன்றோடு அது போயிற்று.

இத்தனை நேரமும் பெருமாள் தன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்.

"இது நெழலுதான?"

"நெழலு இல்லண்ணே, வெளிச்சம். சூரியனோட உருவம்."

"எதுவோ ஒண்ணு. நேரா அத இல்லியே? இந்தக் கொழாயில கண்ண வெச்சிப் பாக்கத்தான ஓட்ட உட்டுக்கீது?"

"ஆமாங்க. ஆனா சூரியன மட்டும்…"

"பெரிய எடத்து ஆளு வந்தா நேரா காட்டுவ. எங்களுக்குத் துணியில காட்டுவ. அதான?" அவர் குரல் ஏறியது. "பள்ளிக்கோடத்துல கடைசி பெஞ்சி. ஆபீசுல வாசப்படி. எங்கப் போனாலும் எங்களுக்கு நெழலத்தான் காட்றானுங்க. இதுக்குத்தானய்யா ரோட்ல ஒக்காந்துக்கினு கீறோம். தள்ளு. நான் நேரா பாக்கறேன்."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று மாறியது. "ஆமா, நேரா காட்டு!" என்று நாலாபக்கமும் கத்தினார்கள். எதற்காக மரம் வெட்டினார்களோ அந்தக் கோபம் முழுவதும் இப்போது குழாயின் ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றது. அந்தக் கோபம் எனக்குப் புரியாததல்ல. சின்னசேலம் பக்கத்தில் என் மச்சானும் அன்றைக்கு மரம்தான் வெட்டிக்கொண்டிருந்தான்.

பெருமாள் தொலைநோக்கிப் பெட்டியைக் கிளறினார். அதில் சின்னதாக ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. குழாயோடு கம்பெனிக்காரன் கொடுத்தது. கண் வைக்கும் இடத்தில் திருகிக்கொண்டால் சூரியனை நேரே பார்க்கலாம் என்று அவன் சொல்லியிருந்தான்.

"இதோ கீதே! இத மறச்சி வெச்சிக்கினுதான் துணியக் காட்னியா?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கண்ணாடியைத் திருகிக் கொடுத்திருந்தால் அவர் பார்த்திருப்பார், சந்தோஷப்பட்டிருப்பார், ஒருவேளை வண்டியும் தப்பியிருக்கும். அதே போன்ற கண்ணாடி ஒன்று எங்கள் நிலையத்து வாசலில், சூடு தாங்காமல் 'டிக்' என்று விரிசல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அதில் யார் கண்ணும் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நான் குழாயின் ஓட்டையைக் கையால் மூடினேன்.

"காட்ட மாட்டண்ணே."

"இன்னாது?"

"வண்டிய வேணும்னா கவுத்துக்கோங்க. நேரா காட்ட மாட்டேன். இந்தக் கண்ணாடி ஒடைஞ்சாலும் ஒடையும், ஒடையாமலும் போவும். ஒடையற அன்னிக்கி யாரு கண்ணு அதுல இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒடைஞ்சா இன்னா ஆவும்னு மட்டும் தெரியும். உங்க பீடியக் குடுங்க."

அணைந்திருந்த பீடியை அவர் வாயிலிருந்து நானே எடுத்தேன். இப்போது நினைத்தாலும் அந்தத் துணிச்சல் என்னுடையதுதானா என்று சந்தேகம் வருகிறது. மூடியிருந்த கையை எடுத்துவிட்டு, கண் வைக்கும் இடத்துக்கு நேரே பீடியின் நுனியைப் பிடித்தேன். எல்லாரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். நுனியிலிருந்து நூலாகப் புகை கிளம்பியது. சிவப்பாகக் கனன்றது. பீடியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். நன்றாகப் பற்றியிருந்தது.

"இந்த நெருப்பு கண்ணுல பட்டா?" என்றார் மெதுவாக.

"அதான் சொல்றண்ணே."

"கெரணத்தன்னிக்கி தாம்பாளத்துல மஞ்சத்தண்ணி ஊத்தி அதுலதான பாக்கற?" என்று அஞ்சலை கரண்டியை நீட்டினார். "அன்னிக்கி எவன்கிட்டயாவது எனுக்கு நேரா காட்டுன்னு சண்டைக்கிப் போனியா? புள்ள நல்லதுக்குச் சொல்லுது, குதிக்கிறான்."

பெருமாள் அவரைக் கவனிக்காமல் என்னையே பார்த்தார். "கலெக்டரு வந்தா?"

"கலெக்டர் வந்தாலும் துணியிலதாண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப சரி" என்றார். ஆனால் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். எனக்கு ஒன்று தோன்றியது. "அண்ணே, நேரா கண்ண வெச்சிப் பாக்கற ஒண்ணு கீது. இருட்டு கட்ட ஆரம்பிச்சதும் வரும். மொதல்ல நீங்கதான் பாக்கணும். அதுவரைக்கும் வண்டி இருக்கட்டும்" என்றேன். அவர் எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுக்கச் சொன்னார்.

போலீஸ் வண்டி வரவில்லை. பொழுது கல்வராயன் மலைக்குப் பின்னால் இறங்கியது. தெற்கே, சற்று மேற்காகத் தள்ளி, அந்தப் புள்ளி தெரியத் தொடங்கியதும் குழாயைத் திருப்பிச் சரிசெய்தேன். "வாங்கண்ணே. இப்ப நேரா பாக்கலாம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குனிந்தார். "இது இன்னா நட்சத்திரம்?" என்று கேட்டார்.

வெள்ளி என்று சொல்லியிருக்கலாம். பெயரே இல்லாத ஒரு நட்சத்திரம் என்றும் சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

"சனிங்க" என்றேன்.

குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து பக்கவாட்டில் ஒதுங்கினார். பின்னால் நின்றவர்களும் வழிவிட்டு விலகினார்கள். குழாயின் பின்னால் ஓர் ஆள்கூட இல்லை. உங்களுக்குத் தெரியும், நவக்கிரகத்தைச் சுற்றும்போது எங்கள் பக்கத்தில் யாரும் சனீஸ்வரனுக்கு நேரே நிற்க மாட்டார்கள். ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பகல் முழுக்க நேரே பார்ப்பேன் என்று நின்ற மனிதர் இப்போது ஓரமாக நின்றார்.

"இத ஏன்யா காட்ற? வேற இல்லியா?"

என் வண்டி போய்விட்டது என்று நினைத்தேன். "கோயில்ல எப்படி நிக்கணும்னு எனக்குச் சொல்லத் தெரியாதுண்ணே. இது வானத்துல கீற கோளு. எங்க சாரும் பாத்துக்கீறாரு, நானும் பாத்துக்கீறேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் கீறோம்" என்றேன்.

"நகரு" என்றபடி அஞ்சலை வந்தார். "ஏழர நாட்டுச் சனின்னு சொல்லிச் சொல்லியே எங்க வூட்ல எல்லாத்தையும் வித்தாச்சி. அவ்ளோ காலம் எங்க வூட்ல குடியிருந்தவன் மூஞ்சி எப்படி கீதுன்னு நான் பாக்க வேணாமா?"

குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கரண்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததும் தெரியவில்லை.

"அடியே…" என்றார் பிறகு, யாரிடம் என்றில்லாமல். "சுத்திலும் வளையம் போட்டுக்கினு, தங்கத்துல செஞ்சி வெச்சாப்ல கீது. இத்தப் பாத்தா பயந்துக்கினு இருந்தோம்?"

நிமிர்ந்து பெருமாளைப் பார்த்தார். "இன்னா சைடு வாங்கற? சூரியன நேரா காட்டுன்னு இந்தக் குதி குதிச்ச. வா, வந்து நேரா பாரு."

கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணை வைப்பதற்கு முன்னால் என்னிடம் மெல்லக் கேட்டார், "இது நேராதான?"

"நேராதாண்ணே. நடுவுல துணியில்ல, ஒண்ணுமில்ல. அங்க கெளம்புன வெளிச்சம் உங்க கண்ணுல வந்து வுழுது."

அவர் பார்த்தார். பின்னாலிருந்தவர்கள் "போதும், வுடு" என்று கத்தும் வரை பார்த்தார். அது நகர்ந்து நகர்ந்து போக, நான் குழாயைத் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்ததும், வண்டிப் பக்கம் நின்ற ஆட்களைப் பார்த்து, "யாரும் வண்டியத் தொடக் கூடாது. வந்து வரிசையில நில்லுங்க" என்றார்.

மரத்தை அவர்கள் அகற்றவில்லை. அது அவர்கள் போராட்டம், நானும் கேட்கவில்லை. அவரே பத்துப் பேரைச் சேர்த்து, பக்கத்து மரவள்ளிக் கொல்லை ஓரமாக வண்டியைத் தள்ளி நிறுத்தினார். மறியல் முடிந்து சாலை திறக்கிற வரை வண்டிக்கு முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். பொழுது சாயும்போதெல்லாம் சுற்று ஊர்களிலிருந்து ஆட்கள் சனியைப் பார்க்க வந்தார்கள். சாலை திறந்து நான் வெள்ளிமலை போய்ச் சேர்ந்ததும், அங்கே காத்திருந்த சார் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "எப்படிய்யா?" என்று கேட்டார். "காட்டினேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதற்குப் பல வருஷங்களுக்குப் பின், கல்வராயன் மலையில் ஒரு விழா. மலைப் பிள்ளைகள் துணியில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டத்தின் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். கூட வந்தவர்கள் பிள்ளைகளை விலக்கிவிட்டு, "ஐயாவுக்கு நேரா காட்டுங்க. கண்ணாடி ஏதாவது இருக்குமே, போடுங்க" என்றார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"துணியிலதாங்க சார்" என்றேன்.

"ஏன்?" என்றார் அதிகாரி.

கண்ணுக்குக் கெடுதி என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை வடக்கனந்தல் சாலையில் ஒருவரிடம் சத்தியமாகச் சொல்லியிருந்தேன். அதை அதிகாரியிடம் சொல்லவில்லை. அவர் விலக்கப்பட்ட பிள்ளைகளை மறுபடி கிட்டே வரச் சொல்லி, அவர்களோடு குனிந்து துணியில் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

வண்டிச் சாவி இப்போது உங்கள் கையில். தொலைநோக்கி புதியது, எங்கள் பழையதைவிடப் பல மடங்கு நல்லது. சனியை நேரே காட்டுங்கள், பயப்படுகிறவர்களுக்கும் பெயரை மாற்றாமல் காட்டுங்கள். சூரியனைத் துணியில் காட்டுங்கள். எல்லாருக்கும்.